கோதாவும் கூத்தும்: ஒரு மல்யுத்த ரசிகனின் ஆராய்ச்சி

தேர்தலில் நிற்பவரைப் பார்த்து, 'கோதாவில் குதித்துவிட்டார்' என்கிறோம். அடம்பிடிக்கும் பேரப்பிள்ளைக்குச் சோறூட்ட முடியாவிட்டால், 'இவனோடு மல்லுக்கட்ட என்னால் ஆகாது' என்கிறோம். 'மல்' சங்கப் பாடல்களிலேயே இருக்கும் நம் பழஞ்சொல். 'கோதா' வெளியிலிருந்து வந்து தமிழில் குடியேறிய சொல். இரண்டும் ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறைகளில் சண்டையில்லாமல் வாழ்கின்றன. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நமக்கு அதில் ஒன்றும் வியப்பில்லை.

தமிழ்ச் சங்க மலரில் குறள் ஆராய்ச்சி வரும், சிலம்பு ஆராய்ச்சி வரும். குஸ்தி ஆராய்ச்சி வருமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நான் பாத்திர வியாபாரி, பட்டம் வாங்கியவன் அல்லன். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் புத்தகம் வைத்துப் படித்தவன். ஐம்பது வருடமாக மல்யுத்தம் பார்த்தும், கேட்டும், படித்தும் வருகிறேன். இத்தனை காலமும் என்னைப் பார்த்து எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றே: "அதெல்லாம் பொய்யாச்சே, அதைப் போய்ப் பார்க்கிறீங்களா?" அந்தப் 'பொய்' என்ற சொல்லை எடை போட்டுப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

புறநானூற்றில் ஒரு கோதா

சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற அரசிளங்குமரன் ஆமூர் மல்லனோடு மற்போர் செய்த நிகழ்ச்சி புறநானூற்றில் பதிவாகியிருக்கிறது. 80 முதல் 82 வரையுள்ள பாடல்கள் சாத்தந்தையார் பாடியவை. 83 முதல் 85 வரை உள்ளவை பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. 80-ஆம் பாட்டில் பிடி எப்படி விழுந்தது, ஒரு கால் எங்கே அழுத்தியது, மற்றொரு கால் எதிராளியின் உபாயத்தை எப்படித் தடுத்தது என்பதெல்லாம் ஒரு நேர்முக வர்ணனையாளர் சொல்வதுபோல் வருகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய வானொலி வர்ணனை என்றே அதைச் சொல்லலாம்.

பிடிகளைவிட என் மனத்தைக் கவர்ந்தவர்கள் அந்தப் பாடல்களில் உள்ள பார்வையாளர்கள். கிள்ளிக்கும் அவன் தகப்பன் தித்தனுக்கும் பகை. அந்தத் தகப்பன் வந்து இந்தச் சண்டையைப் பார்க்க மாட்டானா என்று சாத்தந்தையார் ஏங்குகிறார். நக்கண்ணையாரோ கிள்ளிமேல் காதல் கொண்டவர். ஊரார் இரண்டு கட்சியாகப் பிரிந்து அவன் ஜெயித்தான், ஜெயிக்கவில்லை என்று கூச்சல் போட, அவர் பனைமரத்தடியில் நின்று தம் கண்ணால் கண்ட தீர்ப்பைச் சொல்கிறார். ஆக, கோதாவில் இருப்பவர் இருவர் என்பது பாதிக் கணக்கே. சூழ நின்று இரண்டாகப் பிரிகிற ஊரும் சேர்ந்தால்தான் மற்போர் முழுமையாகிறது. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' என்று பெயர் சூட்டிக்கொண்டதும் ஊர் பார்க்கத்தானே? மாமல்லபுரம் இன்றைக்கும் ஒரு பயில்வான் பட்டத்தைத்தான் சுமந்து நிற்கிறது.

உண்மைச் சண்டை அலுத்த கதை

'உண்மைக் குஸ்தி எவ்வளவு உசத்தி!' என்பவர்கள் 1910 செப்டம்பர் 10-ஆம் தேதி லண்டனில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டு மாபெரும் பயில்வான் காமா, போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவுடன் மோதினார். காமாவின் பலத்தைக் கண்ட ஸ்பிஸ்கோ பாயைக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டார். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் அப்படியே கிடந்தார். காமா புரட்டிப் பார்த்தார், ஆள் அசையவில்லை. போட்டி முடிவில்லாமல் முடிந்தது. அடுத்த வாரம் மறுபோட்டிக்கு ஸ்பிஸ்கோ வரவே இல்லை. 18 வருடம் பொறுத்திருந்து, 1928-இல் பாட்டியாலாவில் ஒரு நிமிடத்துக்குள் அவரைச் சாய்த்தார் காமா.

இரண்டுமே உண்மையான சண்டைகள். ஒன்றில் பார்வையாளருக்குத் தூக்கம் வந்திருக்கும். மற்றதில் சம்மணம் போட்டு உட்காருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன் என்ன செய்வான்?

இந்தக் கேள்விக்கு 1920-களில் அமெரிக்க வியாபாரிகள் விடை கண்டுபிடித்தார்கள். எட் லூயிஸ் என்ற பயில்வான், பில்லி சாண்டோ என்ற மேலாளர், டூட்ஸ் மாண்ட் என்ற யோசனைக்காரர் ஆகிய மூவரும் சேர்ந்து, நேர வரம்பு வைத்து, தூக்கி வீசுவதையும் பறந்து விழுவதையும் புகுத்தி, யார் ஜெயிப்பது என்பதையும் முன்கூட்டியே பேசி முடித்து, ஒரு குழுவை ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். இன்றைக்கு நாம் தொலைக்காட்சியில் பார்ப்பதற்கு விதை அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெய்ன் மன் என்ற கால்பந்து ஆட்டக்காரருக்கு, குஸ்தி சரியாகத் தெரியாவிட்டாலும் ஆள் வாட்டசாட்டமாக இருக்கிறார் என்று சாம்பியன் பட்டத்தைக் கொடுத்திருந்தார்கள். 1925 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவில் அவரிடம் தோற்பதாகச் சம்மதித்து மேடையேறியவர் ஒரு கிழப் பயில்வான். ஏறிய பிறகு சொன்ன சொல்லை மீறி நிஜமாகவே மன்னை அமுக்கிப் பட்டத்தைப் பறித்துக்கொண்டார். அந்தக் கிழவர் வேறு யாருமல்லர், லண்டனில் பாயைக் கட்டிக்கொண்டு படுத்த அதே ஸ்பிஸ்கோதான்! பேசிவைத்த ஆட்டத்தில் உண்மையாகச் சண்டை போட்டதுதான் அங்கே துரோகம் என்று எண்ணப்பட்டது. பொய்க்குள்ளும் ஒரு வாக்கு இருக்கிறது, அதற்குள்ளும் ஒரு நாணயம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வொர்லியும் தாராசிங்கும்

நம் பம்பாய்க்கு வருவோம். 1970-களின் நடுவில் வந்தவாசிப் பக்கத்திலிருந்து நான் மாட்டுங்காவுக்கு வந்து உறவினர் கடையில் நின்றபோது, தாராசிங்கின் பொற்காலம் கதையாகிவிட்டிருந்தது. ஆனால் கதைக்குப் பஞ்சமில்லை. தாராவித் தோல் பதனிடும் தொழிற்கூடங்களில் வேலை பார்த்த நெல்லைச் சீமைப் பெரியவர்கள், வொர்லி வல்லபாய் பட்டேல் ஸ்டேடியத்தில் பார்த்த சண்டைகளைத் துண்டை உதறி எழுந்து நின்று நடித்தே காட்டுவார்கள். "கிங்காங் ஒரு மலை தம்பி, அந்த மலையை இவன் தலைக்கு மேல தூக்குனாம் பாரு" என்று ஒருவர் சொன்ன தொனி இன்னும் என் காதில் கேட்கிறது.

தாராசிங் 1928 நவம்பர் 19-இல் அமிர்தசரஸ் மாவட்டத்துத் தர்முசக் கிராமத்தில் பிறந்தவர். 1940-களின் கடைசியில் பிழைப்புத் தேடி சிங்கப்பூர் போய், ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே மல்யுத்தம் பயின்றவர். அவரும் நம்மைப்போல் புலம்பெயர்ந்து முன்னுக்கு வந்தவர்தான். 1954-இல் ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டம், 1959-இல் கல்கத்தாவில் ஜார்ஜ் கார்டியங்கோவை வென்று காமன்வெல்த் பட்டம், 1968 மே 29-இல் நம் பம்பாயிலேயே அமெரிக்கரான லூ தெஸ்மீது வெற்றி. கிங்காங் என்று நாம் அறிந்தவரின் இயற்பெயர் எமில் சாயா, ஹங்கேரிக்காரர். அவருடைய எடை சுமார் இருநூறு கிலோ என்று சுவரொட்டிகள் சொல்லின. சுவரொட்டியின் தராசுக்கு முத்திரை இன்ஸ்பெக்டர் வருவதில்லை. இருந்தாலும் அவர் பாரியான ஆள் என்பதில் ஐயமில்லை. மேடையில் ஜென்மப் பகைவர்களாக முறைத்துக்கொண்ட இவ்விருவரும் ஒரே சுற்றுப்பயணத்தில் ஊர் ஊராகப் போனவர்கள். கிங்காங் 1970-இல் ஒரு கார் விபத்தில் அடிபட்டு இறந்தார்.

லூ தெஸ் போட்டியில் ஒரு நுட்பம் இருக்கிறது. தெஸ் உலகின் தலைசிறந்த அசல் மல்லர்களில் ஒருவர். பிடி போட்டு எலும்பை முறிக்கத் தெரிந்தவர். பிற்காலத்தில் தம் வரலாற்றை எழுதியபோது, தாராசிங் அசல் மல்யுத்த வீரர், உடலைப் பிரமாதமாக வைத்திருந்தார், ஆகவே அவரிடம் தோற்பதில் தமக்குச் சங்கடம் இருக்கவில்லை என்ற கருத்தில் எழுதினார். இதைப் படித்தபோது சிலருக்கு மனம் உடையலாம்: 'அப்ப அதுவும் பேசிவைத்ததா?' எனக்கோ மதிப்பு கூடியது. தோற்கச் சம்மதிப்பவர் எதிராளியின் தரத்தைப் பார்த்துத்தான் சம்மதித்திருக்கிறார். வித்தை தெரிந்தவனுக்கு வித்தை தெரிந்தவன் கொடுத்த நற்சான்று அது. ஐந்நூறு சண்டையில் ஒன்றிலும் தோற்காதவர் என்ற விளம்பரத்தைவிட, தெஸ் தந்த இந்த ஒரு வரி எனக்குப் பெரிது.

கவரிங் கடை நியாயம்

இந்த இடத்தில் ஒரு வியாபாரி நியாயம் சொல்கிறேன். கவரிங் நகையைக் கவரிங் என்று சொல்லி விற்றால் அது வியாபாரம். தங்கம் என்று சொல்லி விற்றால் மோசடி. நகை ஒன்றுதான், மாறுவது கடைக்காரன் வாய்ச்சொல் மட்டுமே. மல்யுத்தத்தையும் இப்படித்தான் அளக்க வேண்டும்.

அந்தக் காலத்துச் சுவரொட்டிகள் கவரிங்கைத் தங்கம் என்றுதான் விற்றன. இதனால் நஷ்டப்பட்டவர்கள் உண்டு. 1954-இல் அலிகாரின் ஹமீதா பானு என்ற பெண் பயில்வான், பரோடாவில் பாபா பயில்வான் என்பவரை ஒன்றரை நிமிடச் சுமாரில் தோற்கடித்தார். அதே ஆண்டு பம்பாயில் வேரா சிஸ்டிலின் என்ற ரஷ்யப் பெண்மணியை ஒரு நிமிடத்துக்குள் சாய்த்தார். ஆண்களோடு மோத அவருக்குப் பம்பாய் மாநிலத்தில் தடை வந்தபோது அவர் முதலமைச்சர் மொரார்ஜி தேசாயிடம் முறையிட்டார். பெண் என்பதால் தடுக்கவில்லை, போட்டி நடத்துவோர் டம்மி ஆட்களை நிறுத்துவதாகப் புகார்கள் வந்ததால்தான் தடுத்தோம் என்ற வகையில் பதில் வந்தது. ஆண் பயில்வான்கள் மேடை மேடையாகப் பேசிவைத்துச் சண்டை போட்ட காலத்திலேயே, 'டம்மி' என்ற பழி பெண்ணின் கணக்கில் அழுத்தமாக எழுதப்பட்டது. கடைக்காரன் சொன்ன பொய்க்கு வேலைக்காரி பதில் சொல்ல வேண்டியிருந்தது என்றே இதை நான் படிக்கிறேன்.

இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். நம் மகாராஷ்டிரத்துக் கராட் பக்கத்துக் கசாபா ஜாதவ் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெண்கலம் வாங்கினார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. அவரை அனுப்பக் கோலாப்பூர்க் கல்லூரி முதல்வர் தம் வீட்டை அடமானம் வைத்தார் என்பார்கள். அதே வெண்கலப் பதக்கக்காரர் 1984-இல் விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது மறைவுக்குப் பிறகுதான் வந்தது. தாராசிங்கோ திரைப்பட நாயகனாகி, 1987-இல் தொடங்கிய ராமாயணத் தொடரில் அனுமனாகி, 2003-இல் மாநிலங்களவை உறுப்பினருமானார். 2012 ஜூலை 12-இல் மும்பையில் காலமானபோது நாடே அழுதது. தாராசிங்மேல் எனக்குப் பொறாமையோ குறையோ கிடையாது. ஆனால் தங்கத்தைப் பெட்டியில் பூட்டி மறந்துவிட்டுக் கவரிங்கைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஊர்வலம் போகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது என்பதை ரசிகனாகிய நானே சொல்லாவிட்டால் யார் சொல்வது?

அமெரிக்கக் கம்பெனி ஒருவழியாக உண்மையைச் சொன்னது 1989-இல். நியூ ஜெர்சி மாநிலச் செனட் சபையில், எங்களுடையது விளையாட்டுப் போட்டி இல்லை, பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று ஒப்புக்கொண்டார்கள். சத்தியத்தின் மேல் வந்த ஆசையால் அப்படிச் சொல்லவில்லை. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் குறையும் என்பதால் சொன்னார்கள். எப்படியோ, அன்றிலிருந்து கவரிங் கடைக்குக் கவரிங் கடை என்றே பலகை மாட்டியாகிவிட்டது. வியாபாரம் படுத்ததா? இல்லை, பெருகியது. ஜனங்களுக்கு முன்னாலேயே தெரியும் என்பதுதான் காரணம்.

திரையும் வேஷமும்

தெரிந்தே எப்படி ரசிக்கிறார்கள்? ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு அறிஞர் 1957-இல் வெளிவந்த தம் நூலில் மல்யுத்தத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். குத்துச்சண்டை முடிவை நோக்கி ஓடும் கதை, மல்யுத்தத்திலோ ஒவ்வொரு கணமும் தனியே பொருள் தரும் காட்சி என்பது அவர் வாதம். நல்ல வாதம்தான். ஆனால் எங்கள் செய்யாறு, வந்தவாசி வட்டாரத்துக்காரனுக்கு இதைப் பாரீஸிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்களுக்குத் தெருக்கூத்து இருக்கிறது.

திரௌபதி அம்மன் திருவிழாவில் கடைசி நாள் படுகளம். மண்ணால் பிரம்மாண்டமான துரியோதனன் உருவம் செய்து படுக்க வைத்திருப்பார்கள். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றிச் சுற்றி ஓடி மோதுவார்கள். முடிவு என்னவென்று கூடியிருக்கும் கைக்குழந்தைக்கும் தெரியும். அப்படியும் ஏசுகிறவர்கள் ஏசுகிறார்கள், அழுகிறவர்கள் அழுகிறார்கள். துரியோதனன் வேஷக்காரர் நாளைக்கு நம் கழனியில் அண்டை வெட்ட வருபவர் என்பதும் தெரியும். தெரிவது ஒரு பக்கம், உருகுவது ஒரு பக்கம். இரண்டுக்கும் மனதில் இடம் இருக்கிறது.

இப்போது டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிகழ்ச்சியைப் பாருங்கள். 1990-களில் கேபிள் வந்ததும் செம்பூர், சயான் பகுதிகளில் நம் பிள்ளைகள் இதில் மூழ்கிப்போனார்கள். பள்ளிக்கூட பஸ்ஸில் ட்ரம்ப் கார்டு ஆட்டம் வேறு. கூத்தில் வேஷக்காரர் திரைக்குப் பின் நின்று தன் பெருமையைத் தானே பாடி, சலங்கை ஒலிக்க, திரை விலக்கித் தோன்றுவார். அண்டர்டேக்கர் வரும்போது விளக்கணைந்து, மணி அடித்து, புகை நடுவே அவர் நடந்து வரும் நேரம் சண்டை நேரத்துக்குச் சமமாக இருக்கும். அதுவும் திரைப் பிரவேசந்தான். கட்டியங்காரன் வேலையை மைக் பிடித்த வர்ணனையாளர் பார்க்கிறார். ஜராசந்தனோடு மோதிய பீமனுக்குத் துரும்பைக் கிழித்துக் காட்டிக் குறிப்புக் கொடுத்தானே கண்ணன், அவனை என்னவென்பது? கயிற்றுக்கு வெளியே நின்று ஜாடை காட்டும் மேனேஜர் இல்லையா?

'அண்டர்டேக்கர் ஏழு தடவை செத்துப் பிழைத்தவர்' என்று நம் பிள்ளைகள் சத்தியம் செய்தார்கள். 1996-இல் வந்த 'கிலாடியோங் கா கிலாடி' இந்திப் படத்தில் அக்ஷய் குமார் அண்டர்டேக்கரையே தூக்கிவிட்டார் என்று தெருவெல்லாம் பேச்சு. அந்தப் படத்தில் வந்தவர் பிரயன் லீ என்ற வேறொரு பயில்வான். 1994-இல் அமெரிக்க மேடையிலேயே போலி அண்டர்டேக்கராக வந்து, அசல் அண்டர்டேக்கரிடம் தோற்றவர். அசலே ஒரு வேஷம், அதற்கு ஒரு போலி, அந்தப் போலியை நம் ஊர்ப் படம் அசலாக்கியது. வேஷத்துக்கு மேல் வேஷம் கட்டினாலும் பிள்ளைகளின் சந்தோஷம் மட்டும் கலப்படமில்லாமல் இருந்தது.

வில்லன் வேஷம் யாருக்கு?

இதுவரை சொன்னது ரசனை. இனிச் சொல்வது என் கவலை.

கூத்தில் வில்லனுக்குப் பெயர் உண்டு, குலம் உண்டு, அவன் பக்கத்து நியாயமும் உண்டு. துரியோதனனுக்கு அழுகிறவர்கள் இருப்பது அதனால்தான். தொழில்முறை மல்யுத்தத்திலோ வில்லனை உண்டாக்க மிகச் சுலபமான வழி, வெளியூர்க்காரனைக் கொண்டுவருவது. இங்கே கிங்காங் போன்ற வெள்ளைக்காரர் வில்லன். அங்கே ஈரான்காரர் வில்லன், ஜப்பான்காரர் வில்லன். பஞ்சாபிலிருந்து கனடா போன டைகர் ஜீத் சிங் ஜப்பான் மேடைகளில் தலைப்பாகையும் வாளுமாகப் பெரும் வில்லன். இமாசலத்துத் தலீப் சிங் ராணா 2006-இல் 'கிரேட் காலி'யாக அங்கே நுழைந்தபோது, பேச்சே இல்லாத பூதமாகத்தான் காட்டினார்கள். 2007-இல் உலக ஹெவிவெயிட் பட்டம் வாங்கியபோது நாம் கைதட்டினோம், சரி. ஆனால் ஓர் இந்தியரை ஊமைப் பூதமாக நிறுத்தியதை எத்தனை பேர் கேட்டோம்?

அவர்களாவது சம்மதித்து வேஷம் கட்டியவர்கள், அதற்குக் கூலி வாங்கியவர்கள், ஆட்டம் முடிந்ததும் அரிதாரம் கலைத்தவர்கள். தெருவில் கட்டப்படும் வில்லன் வேஷத்துக்கு இந்த மூன்றும் கிடையாது. 1966-க்குப் பிந்திய ஆண்டுகளில் இந்த நகரத்தில் 'மதராசி' என்ற ஒரே சொல்லுக்குள் தமிழன், மலையாளி, கன்னடியன், தெலுங்கன் எல்லாரையும் அடைத்து, வேலையைப் பறிக்க வந்தவன் என்று மேடை போட்டுப் பேசிய காலம் ஒன்று இருந்தது. வேட்டியும் லுங்கியும் கேலிக்குரிய வேஷ உடைகளாயின. கடைச் சட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்த பெரியவர்கள் நம் குடும்பங்களில் இருந்தார்கள். அவர்கள் யாரும் அந்த வேஷத்தைக் கேட்டு வாங்கியதில்லை, கலைக்கவும் வழியில்லை. நல்லவேளை, காலம் மாறியது. அக்கம்பக்கத்து மராட்டிய மக்களோடு நாம் உறவாய்க் கலந்துவிட்டோம். பிள்ளைகள் மராட்டியில் கனவு காண்கிறார்கள்.

ஆனால் 2008-இல் வட இந்தியத் தொழிலாளர்கள்மேல் இதே நகரத்தில் தாக்குதல் நடந்தபோது, நம்மில் சிலர் நாற்காலியைச் சற்று இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தோம் என்பதையும் எழுதத்தான் வேண்டும். 'இந்த பையாக்காரனுங்க வந்துதான் ஊர் கெட்டுப்போச்சு' என்று தமிழ்க் கடைகளில் தமிழிலேயே பேச்சு நடக்கிறது. நாற்பது ஆண்டுக்கு முன் நமக்குக் கட்டிய அதே வேஷம், அதே வசனம், ஆள் மட்டும் வேறு. இதை அடையாளம் காண முடியாவிட்டால், இத்தனை வருடம் மல்யுத்தம் பார்த்து நாம் என்னதான் கற்றுக்கொண்டோம்?

தூக்கியவன் இறக்கிவைத்த கதை

எங்கள் சமண புராணங்களில் ஒரு மல்யுத்தம் உண்டு. ஜினசேனரின் ஆதிபுராணம் சொல்லும் கதை இது. முதல் தீர்த்தங்கரர் ரிஷபதேவரின் மக்கள் பரதனும் பாகுபலியும் நாட்டுக்காக எதிரெதிரே படையோடு நிற்கிறார்கள். மந்திரிமார் யோசிக்கிறார்கள்: அண்ணன் தம்பி சண்டைக்கு ஆயிரக்கணக்கில் மற்றவர்கள் ஏன் சாக வேண்டும்? மூன்று போட்டி வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாகிறது. இமை கொட்டாமல் பார்க்கும் கண் போர், நீர் இறைக்கும் நீர்ப் போர், மற்போர். ஆயுதம் கிடையாது, உயிர்ப்பலி கிடையாது. பேசிவைத்துக்கொண்ட விதிப்படி, எல்லைக்குள் நடக்கும் சண்டை.

மூன்றிலும் பாகுபலியே வெல்கிறான். மற்போரில் அண்ணனைத் தூக்கிவிட்டான். தரையில் அறைந்திருக்கலாம், அறையவில்லை. மூத்தவன் என்ற மரியாதையோடு தோளில் தாங்கினான். தோற்ற பரதனோ வெட்கத்தில் விதியை மீறிச் சக்கராயுதத்தை ஏவுகிறான். இன்றைய மேடையில் நடுவர் பார்க்காத நேரம் நாற்காலியை எடுத்து முதுகில் போடுகிறார்களே, அதற்கு மூலப் பாட்டன் இவன்தான்! சக்கரம் தம்பியைத் தொடாமல் வலம் வந்து நின்றது. வென்ற பாகுபலி நாட்டைத் துறந்து தவத்துக்குப் போனான். சிரவணபெளகுளத்தில் 57 அடி உயரத்தில், உடம்பில் கொடி படர, அவன் நிற்கிறான்.

அஹிம்சையைக் குலதர்மமாகக் கொண்டவன் மல்யுத்தத்தை ரசிக்கலாமா என்று எங்கள் ஆட்களே என்னைக் கேட்பதுண்டு. நான் இந்தக் கதையைச் சொல்லுவேன். கோதா என்பது சண்டையைப் பெருக்கும் இடம் அன்று, சண்டைக்கு வேலி போடும் இடம். தூக்குகிறவன் கையில் எதிராளியின் உயிர் இருக்கிறது. எப்படி இறக்குவது என்பதில்தான் வித்தையும் தர்மமும் இருக்கின்றன. பேசிவைத்த மல்யுத்தத்தின் உள்ளே ஓடும் ரகசியமும் இதுதான்: அடிப்பது போல் தெரிய வேண்டும், ஆனால் அவன் நாளைக்கு வேலைக்கு வர வேண்டும். விழுகிறவன் ஒத்துழைக்காவிட்டால் தூக்குகிறவன் தூக்க முடியாது.

1987 மார்ச் 29-இல் அமெரிக்காவில் ஹல்க் ஹோகன், ஆந்த்ரே என்ற ராட்சத உருவத்தைத் தூக்கிப் போட்ட காட்சி உலகப் புகழ் பெற்றது. ஆந்த்ரேக்கு அப்போது முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்து அதிக நாள் ஆகவில்லை. நடப்பதே சிரமம். அந்த உடம்போடு வந்து, தூக்கச் சம்மதித்து, விழுந்து கொடுத்தார். ஆறு ஆண்டு கழித்து 46 வயதில் இறந்தார். ஹோகனும் 2025 ஜூலையில் மறைந்தார். எல்லாரும் தூக்கியவனைக் கொண்டாடினோம். விழுந்து கொடுத்தவனுக்கு என்ன பட்டம்?

வேலி இல்லாமல் போனால் என்னாகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1999 மே 23-இல் கான்ஸாஸ் நகரத்தில் ஓவன் ஹார்ட் என்ற பயில்வான், அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வரும் பிரவேசக் காட்சியில், கொக்கி விடுபட்டுக் கீழே விழுந்து இறந்தார். சண்டையில் சாகவில்லை, ஆடம்பரத்தில் செத்தார். அதைவிடக் கொடுமை, அன்றைய நிகழ்ச்சியை நிறுத்தாமல் கடைசிவரை நடத்தினார்கள். அன்று அந்த மேடையில் பொய் என்று சொல்லத்தக்கது ஒன்று இருந்ததென்றால், அது எதுவும் நடக்காததுபோல் அடுத்த ஜோடியை மேடையேற்றியதுதான்.

ஆகவே, 'அதெல்லாம் பொய்யாச்சே' என்பவர்களுக்கு என் பதில் இது. முடிவு பேசிவைத்தது, உண்மை. வலி பேசிவைத்தது அல்ல. அரிதாரம் பூச்சு, உண்மை. உழைப்பு பூச்சு அல்ல. இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பவன் ஏமாளி அல்லன். மேடையில் இருப்பது வேஷம் என்று அறிந்தும் அழத் தெரிந்த படுகளத்து ஜனங்களின் வாரிசு அவன். மேடையைவிட்டு இறங்கி நம் தெருவுக்கு வந்து, 'அதோ அவன்தான் வில்லன்' என்று யாராவது நேற்று ரயிலில் வந்திறங்கிய ஒருவனைக் காட்டும்போது மட்டும் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்த வேஷத்தை அவன் சம்மதித்துக் கட்டினானா, கூலி வாங்கினானா, ராத்திரி கலைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியுமா என்று கேட்க வேண்டும். மூன்றுக்கும் 'இல்லை' என்பது விடையானால், அது கோதா இல்லை, அங்கே கைதட்டக் கூடாது.

வீட்டில் பேரப்பிள்ளைகள் மல்யுத்தம் பார்த்தால் ரிமோட்டைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, விழுகிறவன் எப்படி விழுகிறான் என்று கவனிக்கச் சொல்லுங்கள். பிறகு பாகுபலி கதையையும் ஒருமுறை சொல்லுங்கள்.